நிறமில்லாக் குழாய்கள் – 3: கல்லீரலுக்கு ஒரு கல்லறை

கடந்த வாரம் காஸ்பரே அசெல்லியின் மேசையருகே நின்றோம்.

1622 ஜூலை 23. குரல் நரம்புகளையும் உதரவிதானத்தின் அசைவையும் நண்பர்களுக்குக் காட்டுவதற்காக அந்த இத்தாலிய மருத்துவர் ஒரு நாயைத் திறந்தார். குடலைக் கீழே தள்ளியபோது, அதைத் தாங்கும் மெல்லிய சவ்வு முழுக்க வெள்ளை வெள்ளையாக இழைகள். நரம்பு என்றுதான் முதலில் நினைத்தார். ஓர் இழையைக் கீறினார். பால் போன்ற நீர் வந்தது. அடுத்த நாயைத் திறந்தபோது ஒன்றையும் காணோம். அது பட்டினி கிடந்த நாய். தின்ற சில மணி நேரத்தில் மட்டுமே இந்த இழைகள் வெளுக்கின்றன என்று அவருக்குப் புரிந்தது. வண்ணப் படங்களோடு அவருடைய நூல் 1627-ல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அந்த நூலில் ஒரு பிழை இருந்தது. பாற்குழாய்கள் கல்லீரலுக்குப் போய்ச் சேர்கின்றன என்று அசெல்லி எழுதியிருந்தார்.

அந்தப் பிழை திருந்த கால் நூற்றாண்டு ஆயிற்று. திருந்தியபோது உடலுக்குள் புதிதாக ஒரு குழாய் மண்டலமே வெளிப்பட்டது.

கேலனின் அடுப்படி

அசெல்லியைக் குறை சொல்வதற்கு முன் அவர் தலைமேல் இருந்த பாரத்தைப் பார்க்க வேண்டும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் வகுத்த உடலமைப்பில் கல்லீரல்தான் இரத்தத்தின் பிறப்பிடம். உண்ட உணவு வயிற்றில் வெந்து சாறாகிறது. அந்தச் சாற்றைக் குடலிலிருந்து சிரைகள் கல்லீரலுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே அது மறுபடி வெந்து இரத்தமாகிறது. சிரைகள் எல்லாம் கல்லீரலில் வேர்விட்டு, உடலெங்கும் கிளைத்து, அந்த இரத்தத்தை ஊட்டுகின்றன. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக மருத்துவம் படித்தவர்கள் இதைத்தான் படித்தார்கள். எந்த இடத்தில் இரத்தம் இறக்குவது, எந்தக் காய்ச்சலுக்கு என்ன பத்தியம் என்பதெல்லாம் இதை நம்பியே வகுக்கப்பட்டிருந்தன.

ஆகவே, குடலிலிருந்து சாற்றை ஏந்திப் போகும் குழாய் ஒன்று அகப்பட்டால், அது கல்லீரலுக்குப் போகாமல் வேறு எங்கே போகும்? குடற்சவ்வின் அடியில் பாற்குழாய்கள் ஒரு சுரப்பித் திரளில் வந்து கூடுவதை அசெல்லி கண்ணால் கண்டார். அங்கிருந்து கல்லீரல் வரையுள்ள தூரத்தை அவருடைய கண் கடக்கவில்லை, நம்பிக்கை கடந்தது.

1628-ல் வில்லியம் ஹார்வியின் நூல் வந்தது. இரத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது என்று அவர் நிறுவியபோது இதயத்தைப் பற்றிய பழைய பாடம் விழுந்தது. கல்லீரலைப் பற்றிய பாடம் விழவில்லை. சுற்றிவரும் அந்த இரத்தம் எங்கே உண்டாகிறது என்று கேட்டால் பழைய பதிலையே எல்லாரும் சொன்னார்கள்.

இதயத்தை எடுத்த பிறகு

அசெல்லி பாற்குழாயைக் கண்ட அதே 1622-ல், பிரான்சின் வடகரையில் தியெப் என்னும் துறைமுக ஊரில் பிறந்தவர் ழான் பெக்கே. மாணவராக இருக்கும்போதே அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. பிணத்தை அறுத்துக் கற்பது ஊமை அறிவு. உடல் இயங்கும்போது என்ன நடக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

அந்தக் குறையின் விலையை விலங்குகள் கொடுத்தன. மயக்க மருந்து என்ற ஒன்று வர இன்னும் இருநூறு ஆண்டு இருந்தது. இந்தத் தொடரில் வரும் ஒவ்வொரு கண்டுபிடிப்பின் அடியிலும் கட்டிவைத்து உயிரோடு திறக்கப்பட்ட நாய்கள் இருக்கின்றன. அந்த வேதனையைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

பெக்கே ஒரு நாயின் மார்பைத் திறந்து இதயத்தை வெட்டி எடுத்தார். இரத்தம் வடிந்தது. இதயத்துக்கு வந்து சேரும் மேற்பெருஞ்சிரை வெட்டப்பட்ட வாயோடு கிடந்தது.

அதற்குள் வெள்ளையாக ஏதோ இருந்தது.

சீழ் என்று நினைத்தார். எங்கோ ஒரு கட்டி உடைந்து சிரைக்குள் கசிகிறது போலும். மார்புக்குள் தேடினார். கட்டி எதுவும் இல்லை. வெள்ளை நீர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அப்போது அவர் செய்த காரியம் எளியது. வயிற்றுப் பக்கம் போய், குடற்சவ்வின் பாற்குழாய்களில் இருந்த நீரைப் பார்த்தார். இரண்டும் ஒன்றே போல் இருந்தன. கையால் வயிற்றை அழுத்தினார். மேலே, சிரையின் வாயில், வெள்ளை நீர் பெருகியது.

குடலை அழுத்தினால் கழுத்தடியில் பால் வருகிறது. இடையில் கல்லீரலே இல்லை.

அடுத்தடுத்த நாய்களில் அந்த வழியை அவர் அடி அடியாகப் பிடித்துக்கொண்டு போனார். பாற்குழாய்கள் எல்லாம் கல்லீரலை விட்டுவிட்டு, இடுப்புக்கு மேலே முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் ஒரு சிறு பையில் கூடுகின்றன. அந்தப் பையிலிருந்து ஒரு குழாய் கிளம்புகிறது. உதரவிதானத்தைக் கடந்து, முதுகெலும்பின் முன்பக்கமாக மார்பு முழுக்க ஏறி, காறை எலும்புக்கு அடியில் ஓடும் சிரையும் கழுத்துச் சிரையும் சந்திக்கும் மூலையில் இரத்தத்தோடு கலக்கிறது. 1651-ல் பாரிஸில் அவர் இதை நூலாக்கினார்.

மார்பு நிணக்குழாய் என்று இன்று நாம் சொல்லும் குழாய் இதுதான். வளர்ந்த மனிதரில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம், சில மில்லிமீட்டர் அகலம். சுவர் அவ்வளவு மெல்லியது. உள்ளே இருப்பது வெறும் நீராக இருந்தால் சுற்றியிருக்கும் கொழுப்பிலிருந்து பிரித்துப் பார்ப்பதே கடினம். பெக்கேக்கு முன்பே, 1564-ல், இத்தாலியரான பார்த்தலோமியோ எயுஸ்தாக்கி ஒரு குதிரையின் மார்பில் இதைப் பார்த்து எழுதியிருந்தார். அது எதற்கு என்று தெரியாததால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பெக்கேயின் நாய்கள் தின்றிருந்ததால் அவருக்குக் குழாய் தெரிந்தது. காரணம் கொழுப்பு. குடலின் உட்சுவரில் மண்டியிருக்கும் குடலுறிஞ்சிகள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பாற்குழாய் தொடங்குகிறது. சர்க்கரையும் புரதத்தின் சிறு கூறுகளும் இரத்த நுண்குழாய்க்குள் நேரே நுழைந்து கல்லீரலுக்குப் போய்விடுகின்றன. அந்த அளவில் கேலன் சொன்னதும் பொய்யில்லை. கொழுப்போ புரதப் போர்வை போர்த்திய சிறு துளிகளாகக் கட்டப்படுகிறது. அந்தத் துளிகள் இரத்த நுண்குழாயின் சுவரைத் தாண்ட முடியாத பருமன் உள்ளவை. பாற்குழாயின் சுவரில் செல்களுக்கு இடையே இடைவெளி உண்டு, அதன் வழியே அவை உள்ளே நுழைகின்றன. நீர் வெளுப்பது அதனால்தான். இன்றும் மார்புக்குள் அறுவை செய்யும்போது இந்தக் குழாயைக் கண்டுகொள்வதற்காக, நோயாளிக்கு முன்கூட்டியே பாலேடோ எண்ணெயோ கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அறியாமல் இதை வெட்டிவிட்டால் நெஞ்சுக்கூடு வெள்ளை நீரால் நிறைந்துவிடும்.

முதியவர்களின் மறுப்பு

பெக்கேயின் நூலை இருவர் ஏற்கவில்லை.

ஒருவர் பாரிஸின் மூத்த உடற்கூறியலாளர் ழான் ரியோலான். அவர் ஹார்வியையே எதிர்த்தவர். பெக்கேயை எதிர்த்ததில் வியப்பில்லை.

மற்றவர் ஹார்வி. 1652-ல் அவருக்கு வயது 74. பாரிஸில் இருந்த ராபர்ட் மோரிசனுக்கு எழுதிய கடிதத்தில் பெக்கேயின் உழைப்பைப் பாராட்டினார். உடலுக்கான உணவுச்சாறு முழுவதும் இந்த வழியாகத்தான் போகிறது என்பதை மட்டும் ஒப்பவில்லை. பெக்கே கையாண்ட முறையை ஐரோப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தவரே ஹார்விதான் என்பதால் இது மனத்தை உறுத்துகிறது. ஒரு நாளத்தைக் கட்டு. எந்தப் பக்கம் புடைக்கிறது, எந்தப் பக்கம் சுருங்குகிறது என்று பார். ஓட்டத்தின் திசை தெரிந்துவிடும். மேற்கையில் துணியை இறுக்கிச் சிரைகள் புடைப்பதைக் காட்டி 1628-ல் அவர் வாதிட்டது இப்படித்தான்.

ஹார்வி ஒதுங்கிக்கொண்டார். நூலும் முடிச்சும் இளையவர்கள் கைக்குப் போயின.

கோபன்ஹேகன்

டென்மார்க்கின் தோமஸ் பார்த்தலின் பிறந்ததே உடற்கூறியல் குடும்பத்தில். தந்தை எழுதிய பாடநூலைப் புதுக்கிப் புதுக்கி அச்சிட்டு ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்றிருந்தார். பெக்கேயின் செய்தி எட்டியதும், மனிதரிலும் அப்படித்தானா என்று பார்க்க விரும்பினார். மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் மரண தண்டனை பெற்ற இருவரின் உடல்களை அதற்குக் கொடுத்தார். பார்த்தலினும், அவருக்காகக் கத்தி பிடித்த உதவியாளர் மிகாயேல் லைசரும் மனித மார்பில் அந்தக் குழாயைக் கண்டார்கள். 1652-ல் நூல் வந்தது.

அப்போதும் பார்த்தலின் கல்லீரலைக் கைவிடவில்லை. சாற்றில் ஒரு பங்காவது கல்லீரலுக்குப் போகாதா என்று தேடினார். கல்லீரலின் வாயிலில் மெல்லிய சில குழாய்கள் இருக்கத்தான் செய்தன. அசெல்லி சொன்ன பாற்குழாய்கள் இவைதாமோ என்று அவர் மயங்கினார்.

ஆனால் அவற்றில் பால் இல்லை. தண்ணீர்போல் தெளிந்த நீர் இருந்தது. நாய் தின்றிருந்தாலும் அதே நீர், தின்னாவிட்டாலும் அதே நீர்.

ஒரு நாயில் அந்தக் குழாய்களைக் கட்டினார்கள்.

கேலன் சொன்னது சரியென்றால், குடலிலிருந்து சாறு வந்து முட்டி, முடிச்சின் குடல் பக்கம் புடைக்க வேண்டும். கல்லீரல் பக்கம் வற்ற வேண்டும்.

கல்லீரல் பக்கம் புடைத்தது.

குழாய்கள் கல்லீரலுக்கு எதையும் கொண்டுவரவில்லை. அங்கிருந்து எடுத்துக்கொண்டு போயின. ஆயிரத்து நானூறு ஆண்டுப் பாடம் ஒரு நூல் முடிச்சில் தலைகீழானது. இந்தக் குழாய்களை உடலின் பிற பகுதிகளிலும் கண்ட பார்த்தலின், இவை பாற்குழாய்களும் அல்ல, சிரைகளும் அல்ல, தனி இனம் என்று முடிவுகட்டி, நிணநீர்க் குழாய்கள் என்று பெயரிட்டு 1653-ல் வெளியிட்டார். அந்த நூலில் கல்லீரலுக்கு ஒரு கல்லறை வாசகமும் எழுதினார். நெடுங்காலம் இரத்தத்தை ஆக்கிய பெருமையோடு வாழ்ந்த உறுப்பு இங்கே அடக்கம் என்ற பொருளில், இறந்த அரசனுக்கு எழுதுவதுபோல் எழுதினார்.

உப்சாலா

அதே மாதங்களில், பால்டிக் கடலுக்கு அப்பால், ஸ்வீடனின் உப்சாலாவில் ஓலோஃப் ருட்பெக் என்ற மாணவர் இருந்தார். 1630-ல் பிறந்தவர். கேட்பதற்கு அவருக்கு ஆசிரியர் என்று பெரிதாக யாரும் இல்லை. ஸ்வீடனில் உடற்கூறியல் அப்போதுதான் தலைதூக்கிக்கொண்டிருந்தது. நாய், பூனை, கன்று, ஆடு என்று கிடைத்ததையெல்லாம் அறுத்துப் பார்த்தே கற்றார்.

கல்லீரலிலிருந்து தெளிந்த நீரோடு வெளியேறும் குழாய்களை அவரும் கண்டார். அவரும் கட்டிப் பார்த்தார். அவருக்கும் கல்லீரல் பக்கமே புடைத்தது. அதோடு நிற்கவில்லை. பெருங்குடலின் கடைப்பகுதி முதலான வேறு இடங்களிலும் அதே வகைக் குழாய்களைப் பின்தொடர்ந்தார். அவை சுரப்பிகளின் வழியாகப் போய் மார்புக் குழாயோடு சேர்வதையும், அவற்றுக்குள் அடைப்பிதழ்கள் இருப்பதையும் கண்டார்.

1652-ன் வசந்தம். அரசி கிறிஸ்டினாவின் முன்னிலையில் உப்சாலாவில் ருட்பெக் இந்தக் குழாய்களைச் செய்து காட்டினார். அறிவாளிகளைத் தேடித் தேடி அழைத்த அரசி அவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் டெகார்ட்டே அவருடைய அழைப்பில் ஸ்டாக்ஹோம் வந்து அங்கேயே இறந்திருந்தார். இருபத்திரண்டு வயதை எட்டாத ஓர் இளைஞன் அப்படிப்பட்ட அரசியின் எதிரே நின்று, உலகில் எந்த நூலிலும் இல்லாத குழாய்களைச் சுட்டிக்காட்டினான். அரசி மகிழ்ந்து, மேலே படிக்க ஹாலந்துக்குப் போக உதவினார்.

ஆனால் அது உடனே அச்சில் வரவில்லை. ருட்பெக்கின் சிறு நூல் 1653-ல் வெஸ்டெரோஸ் நகரில் அச்சானது. பார்த்தலினின் நூல் அதே ஆண்டில் சில மாதங்கள் முந்திவிட்டது.

பிறகு நடந்தது அழகாக இல்லை. பார்த்தலினின் மாணவர் மார்ட்டின் போக்டான் ருட்பெக்கைத் திருடன் என்று தாக்கி எழுதினார். ருட்பெக் சூடாகப் பதில் எழுதினார். டென்மார்க்கும் ஸ்வீடனும் பத்தாண்டுகளுக்குள் போரிட்டு ஓய்ந்திருந்த நாடுகள். நிணநீர்க் குழாய் யாருடையது என்பதில் நாட்டுப்பற்றும் புகுந்துகொண்டது.

முதலில் கண்டு, மன்றத்தில் காட்டியவர் ருட்பெக் என்பதில் எனக்கு ஐயமில்லை. கண்டதை இன்னும் முழுமையாகக் கண்டவரும் அவரே. ஆனால் உலகம் இதை அறிந்தது பார்த்தலினின் நூலால். ஒருவர் மற்றவரிடம் திருடியதற்குத் தேவையே இருக்கவில்லை. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஜாலிஃப் என்ற மருத்துவரும் ஏறத்தாழ அதே காலத்தில் இந்தக் குழாய்களைக் கண்டு ஃபிரான்சிஸ் கிளிசனிடம் சொல்ல, கிளிசன் அதை 1654-ல் தம் நூலில் பதிந்தார். மூன்று நாடு, மூன்று மேசை. ஹார்வியின் முடிச்சும் கல்லீரலைப் பற்றிய ஐயமும் ஒரே காலத்தில் மூவர் கைக்கும் வந்து சேர்ந்திருந்தன.

ஏன் கல்லீரலில்?

இந்தச் சண்டையைப் பற்றி எழுதியவர்கள் மிகுதி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. நிணநீர்க் குழாய் தோலில் இருக்கிறது, தசைகளுக்கிடையே இருக்கிறது, குடலில் இருக்கிறது. உடலெங்கும் இருக்கும் ஒன்றை இவர்கள் எல்லாரும் கல்லீரலின் அருகில் போய்க் கண்டது ஏன்?

கேலனைச் சோதிக்க அங்கே போனார்கள் என்பது பாதி விடை. மறுபாதி உடலிலேயே இருக்கிறது.

இரத்த நுண்குழாய்கள் ஒழுகும் குழாய்கள். இதயம் தள்ளும் அழுத்தத்தில் நீரும் சிறிதளவு புரதமும் அவற்றின் சுவரைக் கடந்து திசுவுக்குள் கசிந்துகொண்டே இருக்கின்றன. நாளொன்றுக்குப் பல லிட்டர். கசிந்த புரதம் வந்த வழியே திரும்ப முடியாது. அதைத் திரட்டி மறுபடி இரத்தத்தில் சேர்ப்பதுதான் நிணநீர்க் குழாய்களின் முதல் வேலை. அந்த வேலை நின்றால் நீரும் புரதமும் திசுக்களிலேயே தேங்கும், இரத்தத்தின் கொள்ளளவு குறையும். உடல் ஒரு நாளைத் தாண்டுவதே அரிது என்று உடலியல் நூல்கள் சொல்கின்றன.

எல்லா உறுப்பிலும் கசிவு ஒரே அளவு இல்லை. கல்லீரலின் நுண்குழாய்ச் சுவர் முழுக்கத் துளைகள். இரத்தத்தின் நீரும் புரதமும் ஏறத்தாழத் தடையின்றி வெளியேறிக் கல்லீரல் செல்களைத் தொடுகின்றன. ஆகவே ஓய்வாக இருக்கும் உடலில் மார்புக் குழாய் வழியே ஏறும் நிணநீரில் கால் பங்கு முதல் பாதிவரை கல்லீரலிலிருந்து வருகிறது. முடிச்சிட்டதும் கண்ணெதிரே புடைக்கும் அளவுக்கு நீர் ஓடும் இடம் அது.

பார்த்தலின் கல்லீரலைப் புதைத்தது அவசரம். இரத்தத்தை ஆக்கும் பதவி போனது உண்மைதான். அதே நூலில், அதே குழாய்கள் வழியே, நிணநீரின் பெரிய ஊற்று கல்லீரல் என்பது வெளியே வந்துகொண்டிருந்தது. பித்தம் சுரக்கும் வேலையை மட்டும் அதற்கு விட்டுவைத்து அவர் கல்லறை கட்டினார்.

திசை தெரிந்தது, பிறகு?

ருட்பெக் இந்தக் குழாய்களிடம் திரும்பி வரவில்லை. தாவரங்கள், கட்டடக்கலை, பிளேட்டோ சொன்ன அட்லாண்டிஸ் ஸ்வீடன்தான் என்று நிறுவும் பெருநூல் என அவருடைய வாழ்வு வேறு திசைகளில் போயிற்று. உப்சாலாவில் அவர் கட்டிய உடற்கூறியல் அரங்கு இன்றும் நிற்கிறது. பெக்கேயும் பார்த்தலினும் வேறு வேலைகளில் மூழ்கினார்கள்.

மூவரும் விட்டுச்சென்ற இடத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது.

இரத்தத்தை இதயம் தள்ளுகிறது. நிணநீர் கால் விரலிலிருந்து கழுத்தடிவரை ஏற வேண்டும். நிற்கும் மனிதனில் அது ஒரு மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றம். இதயத்துக்கும் இந்தக் குழாய்களின் தொடக்கத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லை. மூச்சு விடும்போது மார்பும் வயிறும் அசைந்து நீரை மேலே தள்ளுகின்றன என்றார் பெக்கே. மார்புக் குழாய்க்கு அது பொருந்தும். காலுக்கு?

தள்ளுவது எது என்று சொல்ல முடியாததால், திசையையே மறுக்க இடம் இருந்தது. மறுத்தவர் ஹாலந்தில் இருந்தார். லொடெவைக் டி பில்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறாத பிரபு. பிணத்தைக் கெடாமல் காக்கும் ரகசிய முறையால் ஐரோப்பாவையே வாய்பிளக்க வைத்தவர். மன்னர்களும் பேராசிரியர்களும் அவருடைய பாடம்செய்த உடல்களைப் பார்க்க வந்தார்கள். நிணநீர் உறுப்புகளிலிருந்து மையத்துக்கு ஓடவில்லை, மையத்திலிருந்து உறுப்புகளுக்குத்தான் ஓடுகிறது என்று அவர் அறிவித்தார்.

கோபன்ஹேகனிலும் உப்சாலாவிலும் கட்டிய முடிச்சுகள் ஒரு திசையைக் காட்டின. புகழ்பெற்ற ஒரு கை எதிர்த்திசையைக் காட்டியது. அப்படியென்றால், முடிச்சே போடாமல், யார் கையையும் நம்பாமல், குழாயின் உட்சுவரைப் பார்த்தே ஓட்டத்தின் திசையைச் சொல்ல முடியுமா?

(தொடரும்)